பி16 நெகட்டிவ் என்றால் ஆயுள் குறைவா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது. பயாப்சி அறிக்கையில் 'பி16 நெகட்டிவ்' என்று இருப்பதைப் பார்த்த அவருடைய மகள், "அப்பாவுக்கு ஆயுள் குறைவு என்று பொருளா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். இல்லை. பி16 என்பது உயிரணுவில் உள்ள ஒரு புரதம்; டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் தோன்றும் புற்றுக்குத்தான் அது ஆயுளைக் கணிக்க நம்பகமான அடையாளம். கன்னத்துப் புற்றுக்கு அதை வைத்து நாள் குறிக்க முடியாது.

காரணம் சுவையானது. உயிரணு கண்டபடி பிரியாமல் தடுப்பது ஆர்பி என்னும் புரதம். சில நொதிகள் அதன் மீது பாஸ்பேட்டை ஏற்றினால் பிடி தளர்ந்து உயிரணு பிரியத் தொடங்கும். அந்த நொதிகளை அடக்கிவைப்பதே பி16-இன் வேலை. புகையிலையால் வரும் புற்றுகள் பலவற்றில் பி16-இன் மரபணு அழிந்தோ முடங்கியோ கிடப்பது இதனால்தான். ஆனால் எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) என்னும் வைரஸால் வந்த டான்சில் புற்றின் திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், உட்கருவும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்து அடர்பழுப்பாகத் தெரியும் அளவுக்கு பி16 நிறைந்திருக்கிறது. 70 சதவீத உயிரணுக்களாவது அப்படித் தெரிந்தால் 'பாசிட்டிவ்'. தடுக்கும் புரதம் இவ்வளவு இருந்தும் புற்று எப்படி வளர்ந்தது?

வைரஸின் ஈ7 புரதம் ஆர்பியையே பற்றிச் சிதைத்துவிடுகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பேருந்தில் பிரேக் குழாய் அறுந்தால், ஓட்டுநர் மிதியை மேலும் மேலும் அழுத்துவார்; வண்டி நிற்காது. பி16 அந்த மிதி. பி16 எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்று வரம்பு கட்டுவதில் ஆர்பிக்கும் பங்கு உண்டு. அது போனதும் வரம்பும் போய், பி16 பயனின்றிக் குவிகிறது. நோயியல் மருத்துவர் வைரஸைத் தேடாமலே அதன் கைவரிசையைக் கண்டுகொள்கிறார்.

எச்பிவியால் வந்த இந்தப் புற்று உள்ளவர்களுக்கு ஆயுள் கூடுதல் என்பதை 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது: 3 ஆண்டுகளுக்குப் பின் வைரஸ் இருந்தவர்களில் 82.4 சதவீதமும் இல்லாதவர்களில் 57.1 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். பழுதான உயிரணுவைச் சாகவைக்கும் புரதம் பி53. புகையிலை பெரும்பாலும் அதன் மரபணுவையே பழுதாக்குகிறது. வைரஸோ பி53 புரதத்தை மட்டும் சிதைத்து மரபணுவை விட்டுவைக்கிறது. கதிர்வீச்சுக்கு இப்புற்று எளிதில் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. வைரஸ் இருந்தும் நிறையப் புகைத்தவர்களுக்கு இந்த அனுகூலம் குறைகிறது.

நம் ஊரில் அதிகம் காண்பது வெற்றிலையோடு புகையிலையை அடக்கிவைக்கும் கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்று. மேற்கு வங்கத்தின் கல்யாணியிலும் மும்பையிலும் உள்ள ஆய்வாளர்கள் அதன் மரபணு மாற்றங்களை 2013-இல் பட்டியலிட்டார்கள். ஆனாலும் பி16 அளவுக்குத் தெளிவான அடையாளம் இன்னும் இல்லை. கத்தி பட்டால் புற்று பரவும் என்று இன்றும் சொல்லி, அறுவையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது: ஆரம்பநிலை வாய்ப்புற்றில் கழுத்து நிணநீர்க் கணுக்களை முதல் அறுவையிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதமும், கணுவில் நோய் தெரிந்தபின் எடுத்தவர்களில் 67.5 சதவீதமும் 3 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். முதலிலேயே எடுத்த கணுக்களில் பெரும்பாலானவற்றில் புற்று இருப்பதில்லை என்பதும் உண்மை. யாருடைய கழுத்தைத் திறக்கத் தேவையில்லை என்று முன்பே காட்டும் மூலக்கூறு அடையாளத்தைத் தேடுவதற்கே, என் கருத்தில், அரசின் ஆய்வுப் பணம் முதலில் போக வேண்டும்.