திசைசாராத் தேய்ப்பு: பட்டறையில் சொல்லும் 'ஆர்பிட்டல் ஃபினிஷ்'

காட்பாடிப் பக்கம் எந்தத் தகட்டுப் பட்டறைக்குப் போனாலும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட்டை எடுத்துக்காட்டி 'இது லைன் ஃபினிஷ், அது ஆர்பிட்டல்' என்பார்கள். லைன் என்றால் மணல் ஒட்டிய பெல்ட்டில் ஒரே போக்காகத் தேய்த்தது. கோடுகள் தலைவாரினாற்போல் ஒரு பக்கமாகவே ஓடும். ஆர்பிட்டலில் மணல் ஒட்டிய தேய்ப்பு வட்டு தானும் சுற்றும், அதன் மையமும் ஒரு சிறு வட்டத்தில் ஆடும், அதனால் எந்த மணலும் போன தடத்திலேயே திரும்பப் போகாமல் கோடுகள் குட்டிக் குட்டி வளைவுகளாக ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் தகட்டை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதனால் என்ன லாபம்? ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்கு லைன் ஷீட்டில் மேசை செய்து கொடுத்தோம். கம்பி நார் போட்டுத் தேய்த்ததில் கொஞ்ச நாளிலேயே குறுக்குக் கீறல்கள் விழுந்து கண்ணை உறுத்தின, 'எல்' மூலையில் வெல்டிங் வைத்த இடத்திலும் கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஆர்பிட்டலாக இருந்தால் மூலைப் பிரச்சினையே வராது, கீறல் விழுந்த இடத்தை மட்டும் அதே மெஷினால் தடவிச் சுற்றியுள்ளதோடு கலந்துவிடலாம். வெட்டும்போதும் துண்டுகளை எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம், தகடு வீணாகாது. ஒன்று மட்டும் கவனம்: சாதா இரும்பைத் தேய்த்த வட்டை எஸ்.எஸ்.மேல் வைக்கக் கூடாது, ஒட்டிய இரும்புத்தூள் பிறகு துருப்புள்ளியாகத் தெரியும்.

சொல்லுக்கு வருவோம். 'ஆர்பிட்' லத்தீனில் வண்டிச் சக்கரம் பதித்த தடம். பக்கத்திலேயே புழங்கும் 'பஃப்பிங்' நம் ஊருக்கு இன்னும் நெருக்கம்: எருமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எருமைத் தோலுக்குப் பெயராகி, அந்தத் தோலால் உலோகத்தைத் துடைத்ததால் மெருகிடும் வேலைக்கே பெயரானது. வாணியம்பாடித் தோல் தொழிற்சாலையிலும் பஃப்பிங் உண்டு, எங்கள் பட்டறையிலும் உண்டு என்றால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

தமிழில் 'திசையற்ற மெருகு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு சொல்லுமே ஒப்பவில்லை. மெருகு என்றால் பளபளப்பு, இதுவோ மங்கல். திசையற்ற என்றால் கோடே இல்லாததுபோல் படுகிறது, இங்கே கோடு எல்லாத் திசையிலும் இருக்கிறது. 'சாணை' விளிம்பைக் கூராக்குவது. 'அராவுதல்' அரத்தின் வேலை, நேர்ப்போக்கு. 'இழைப்பு' அழகான சொல்தான், ஆனால் தச்சரின் இழைப்புளியும் நேராகத்தான் ஓடுகிறது, போதாததற்கு இழை என்றாலே நூல், அதாவது இங்கே நாம் வேண்டாமென்று ஒதுக்கும் அந்தக் கோடு.

மிச்சம் இருப்பது தேய்ப்பு. கல்லில் சந்தனம் தேய்க்கிற கையைப் பாருங்கள், சுற்றிச் சுற்றித்தான் போகும். ஜவ்வாது மலைச் சந்தனம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே எழுத்தில் 'திசைசாராத் தேய்ப்பு', பட்டறைப் பேச்சுக்கு 'சுழல்தேய்ப்பு'. அடுத்த கொட்டேஷனில் நான் இப்படித்தான் எழுதப்போகிறேன், பக்கத்தில் ஆர்பிட்டல் என்றும் போட்டு.