ஜீனோம் என்பது மரபணு அல்ல, வரைபடமும் அல்ல

"மீனின் மரபணுவை ஒப்பிட்டு பாக்டீரியா நோயைக் கண்டறியும் புதிய முறை." கும்மிடிப்பூண்டிப் பக்கம் மீன் வளர்ப்போருக்கு நடந்த ஒரு பயிற்சியில் கொடுத்த துண்டுத்தாளின் தலைப்பு இது. ஒரே வரியில் இரண்டு பிழை. ஒப்பிடுவது மீனுடையதை அல்ல, மீனைத் தாக்கும் பாக்டீரியாவுடையதை. அதிலும் ஒப்பிடுவது மரபணுவை அல்ல, ஜீனோமை, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதையும். ஜீனோம் வரும் இடமெல்லாம் 'மரபணு' என்று எழுதிக் கடந்துபோவதும், கொஞ்சம் கனமாகச் சொல்ல நினைத்தால் 'மரபணு வரைபடம்' என்று எழுதுவதும் இப்போது ஊரெல்லாம் பரவிவிட்டது.

அந்தத் தாளைப் படித்த பண்ணைக்காரர் ஒருவர் எழுந்து, "எங்க மீனோட மரபணுவ மாத்தப் போறீங்களா சார்? அப்புறம் யாரு வாங்குவாங்க?" என்று கேட்டார். அவர் பயந்ததில் தவறே இல்லை. 2010இல் மரபணு மாற்றுக் கத்தரிக்காயை நடுவண் அரசு நிறுத்தி வைத்ததையொட்டி எழுந்த வாதங்களுக்குப் பிறகு, 'மரபணு' என்று காதில் விழுந்தாலே அடுத்து 'மாற்று' வரும் என்றுதான் மனம் எதிர்பார்க்கிறது. தடா, சத்தியவேடு வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும். குளத்தைச் செருவு என்பார்கள், நோயை ஜப்பு என்பார்கள், யாருக்கும் குழப்பம் வராது. இங்கே குழப்பியது சுத்தத் தமிழில் அச்சடித்த ஒரு வரி.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஜீன்' 1909இல் டென்மார்க்கின் தாவரவியலாளர் யோகான்சன் கொடுத்த பெயர். 'ஜீனோம்' 1920இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் ஆக்கியது. ஒரு குரோமோசோம் தொகுப்பு முழுவதையும் அவர் அப்படி அழைத்தார். தமிழில் ஜீனுக்கு மரபணு. மரபு பழைய சொல், தொல்காப்பியத்தின் கடைசி இயலே மரபியல்தான். அணு இங்கே அணுகுண்டின் அணு அல்ல, உயிரணுவில் வருவதுபோல மிகச் சிறிய அலகு. நல்ல சொல், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஓர் அலகின் பெயர். ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதையும் அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம். கெண்டை மீனில் சிவந்த புண், வீங்கிய வயிறு, தூக்கி நிற்கும் செதில் என்று வரும் நோய்க்குப் பல நேரம் காரணம் இதுதான். 2006இல் இதன் ஒரு திரிபின், அதாவது இனத்துக்குள் ஒரு கிளைவகையின், ஜீனோம் வெளியானது. ஒரே வட்டக் குரோமோசோம், ஏறக்குறைய 47 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், அதில் நாலாயிரத்துக்கும் மேல் மரபணுக்கள். ஆய்வகத்தில் பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்ப்பது இவற்றில் 16எஸ் என்ற ஒன்றை மட்டும், ஆயிரத்து ஐந்நூறு எழுத்து சொச்சம். அதை ஒப்பிடுவதைத்தான் 'மரபணு ஒப்பீடு' என்று சொல்லலாம். ஆனால் ஏரோமோனாஸ் இனங்கள் பலவற்றில் 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், இனம் பிரிக்க உதவாது. எழுத்து முழுவதையும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். சராசரி ஒற்றுமை 95, 96 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரே இனம் என்று கொள்கிறார்கள். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் வைத்தால், எந்தச் சோதனை நடந்தது என்று அறிக்கையைப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

முழு ஒப்பீடு என்ன காட்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2009இல் அமெரிக்காவின் அலபாமாவில் கெளுத்திப் பண்ணைகளை இதே பாக்டீரியா சூறையாடியது. நோய் மீன்களில் எடுத்த திரிபுகளின் ஜீனோமைப் பழைய திரிபுகளோடு ஒப்பிட்டபோது, சீனத்தில் புல்கெண்டையில் கிடைத்த ஒன்றோடு அவை நெருங்கிய உறவு என்று தெரிந்தது. இனோசிட்டால் என்ற பொருளை உண்டு வாழ உதவும் மரபணுக் கூட்டம் ஒன்றும் அவற்றில் இருந்தது. இந்தக் கிருமி ஆசியாவிலிருந்து போயிருக்கலாம் என்று எண்ண வைத்தது இந்த ஒப்பீடுதான். மீனைத் தாக்கும் இன்னொரு பாக்டீரியாவான எட்வர்ட்சியெல்லா டார்டாவின் கதை இன்னும் சுவையானது. அந்தப் பெயரில் 2009இல் ஜீனோம் வெளியான ஒரு மீன் திரிபு பின்னால் வேறு இனம் என்று ஆனது. 2013இல் அந்த இனத்துக்கு வைத்த பெயர் பிசிசிடா. லத்தீனில் மீன்கொல்லி. பெயர் வைத்தவர்கள் பொருள் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

இனி 'மரபணு வரைபடம்'. வரைபடம் என்றால் எது எங்கே இருக்கிறது என்று காட்டுவது. மரபணுவுக்கும் அப்படி உண்மையான வரைபடம் உண்டு. 1913இலேயே அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்ட்டவன்ட் பழ ஈயின் மரபணுக்கள் எந்த வரிசையில், எவ்வளவு தள்ளித்தள்ளி இருக்கின்றன என்று வரைந்துவிட்டார். டிஎன்ஏவின் எழுத்தைப் படிக்கும் வழி அப்போது யாருக்கும் தெரியாது. ஜீனோமுக்கே வரைபடம் என்று பெயர் வைத்துவிட்டால் ஸ்டர்ட்டவன்ட் வரைந்ததை என்னவென்று சொல்வது? மனித ஜீனோமின் முதல் வரைவு 2000இல் அறிவிக்கப்பட்டபோது அமெரிக்க அதிபர் அதை ஓர் அற்புத வரைபடம் என்று புகழ்ந்தார். மேடையில் சொன்ன அந்த உவமைதான் இங்கே கலைச்சொல்லாக ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. புகழ்ச்சியில் சொன்னதை அகராதியில் ஏற்றக்கூடாது. 'பாக்டீரியாவின் மரபணு வரைபடத்தைப் பிரித்தெடுத்தனர்' என்று எழுதுகிறார்கள். செல்லுக்குள்ளே படம் மடித்தா வைத்திருக்கிறது?

சரியான சொல் மரபணுத்தொகுதி. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, கேட்டவுடன் புரிகிறது. ஜீனோமில் மரபணு அல்லாத பகுதியும் உண்டே என்று சிலர் மறுப்பார்கள். உண்மைதான், மனித ஜீனோமில் புரதத்துக்கு நேரடியாகக் குறிமுறை தரும் பகுதி 2 விழுக்காடுகூட இல்லை. ஆனால் விங்க்ளரும் ஜீனை வைத்துத்தானே ஜீனோமை ஆக்கினார். பாக்டீரியாவிலோ பெரும்பகுதி மரபணுவே. துல்லியம் வேண்டும் என்று 'மரபுத்தொகை' என்று எழுதுவோர் உண்டு. தமிழ்நாட்டில் மரபு என்றால் முதலில் வழக்கமும் பண்பாடும்தான் நினைவுக்கு வரும். 'மீன்நோயும் மரபுத்தொகையும்' என்று தலைப்பிட்டால் நாட்டார் பாடல் திரட்டு என்று எடுத்துப் பார்ப்பார்கள். வேண்டாம். ஜீனோம் ஒப்பீட்டுத் துறைக்கு மரபணுத்தொகுதி ஒப்பீட்டியல். நீளம்தான், ஆனால் தவறில்லை. பண்ணையில் பேசும்போது "கிருமியோட முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க" என்றால் போதும். கிருமியோட என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்கு இன்னும் இரண்டு வருத்தம். டிஎன்ஏ எழுத்துகளைப் படித்தறிவதை 'வரிசைப்படுத்தல்' என்கிறார்கள். கலைந்து கிடப்பதை அடுக்குவதுதான் வரிசைப்படுத்தல். இங்கே வரிசை முன்பே இருக்கிறது, அதை அறிகிறோம். வரிசையறிதல் என்று எழுதினால் ஓர் எழுத்துகூடக் கூடுதல் செலவில்லை. மற்றது, பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் சேர்த்து 'நுண்ணுயிரி' என்று எழுதுவது. பழவேற்காட்டை ஒட்டிய இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அது வைரஸ், ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. 'நுண்ணுயிரி நோய்' என்று மட்டும் தாளில் போட்டால், பாக்டீரியாவுக்கு வாங்கிய மருந்தையே தீவனத்தில் கலந்து கொட்டுவார்கள். பணமும் போகும், இறாலும் போகும்.