விடைத்தாள் கைக்கு வரும் அந்தப் பத்து நிமிடங்கள்

தேர்வு நாள்களில் மட்டும் வரும் வயிற்று வலிக்காகப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்திருந்தார்கள். எல்லாப் பரிசோதனைகளையும் செய்து, உடலில் கோளாறு எதுவும் இல்லை என்று குழந்தை மருத்துவர் உறுதி செய்த பிறகே அவன் என்னிடம் வந்தான். அவனுடைய கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் தடிப்பாக ஏதோ விரலில் தட்டுப்பட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழித்ததில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையின் பின்பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை அளவாக வெட்டி ஒட்டி, அதன்மேல் சரியான விடை மணிமணியாக எழுதப்பட்டிருந்தது. யார் ஒட்டிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "நான்தான். தப்பு பண்ணினது தெரியக் கூடாதில்ல," என்றான்.

உளவியல் ஆலோசகராகப் பள்ளிகளோடு பணியாற்றும் என்னிடம், பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளைகளுக்குத் தோல்வியே தட்டாமல் பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டுமா, அல்லது வெளியே காத்திருக்கும் போட்டிக்கு இப்போதிருந்தே அவர்களைப் பழக்க வேண்டுமா? இரண்டு கட்சிகளுமே பிள்ளையின் நன்மையைத்தான் எண்ணுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றும் இவ்விரு கட்சிகளும் தம்மை அறியாமலே ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. தோற்பது வெட்கப்படத்தக்கது என்பதை இரண்டுமே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஒரு கட்சி அந்த வெட்கத்தைத் துணி போட்டு மூடுகிறது, மற்றது அதையே சாட்டையாகச் சுழற்றுகிறது. என் அனுபவத்தில், பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியிருப்பது அந்த வெட்கத்திலிருந்துதான். தோல்வி வந்து போகட்டும்.

மூடி வைப்பதால் என்ன நேர்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவள் பதினான்கு வயது மாணவி ஒருத்தி. (இங்கே நான் சொல்லும் எல்லோருடைய அடையாள விவரங்களையும் மாற்றியே எழுதுகிறேன்.) அவள் முதலில் படித்த பள்ளியில் மதிப்பெண் கிடையாது, எதைச் செய்தாலும் நட்சத்திர ஒட்டியும் 'அற்புதம்' என்ற சொல்லும் கிடைத்துவிடும். வேறு பள்ளிக்கு மாறிய பின் எழுதிய முதல் அறிவியல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினெட்டு வாங்கினாள். அந்த விடைத்தாளை மூன்று வாரம் மெத்தைக்கடியில் ஒளித்து வைத்திருந்து, கடைசியில் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பொய்க் கையெழுத்தைப் பற்றித்தான் பெற்றோர் பதறினார்கள். அவளோ என்னிடம் சொன்னது வேறு: "இத்தனை வருஷமா எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்காங்க." பதினெட்டு மதிப்பெண்ணைக் காட்டிலும், தான் பெற்ற பாராட்டு எதையும் இனி நம்ப முடியாது என்பதே அவளை அதிகம் வருத்தியது.

பாராட்டு பற்றி உளவியலில் பலமுறை பேசப்பட்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் எளிதான புதிர்களைக் கொடுத்து, ஒரு சாராரை 'நீ புத்திசாலி' என்றும், இன்னொரு சாராரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களே விரைவில் ஆர்வம் இழந்தார்கள். அடுத்துக் கொடுத்த எளிய புதிர்களிலும் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணை வேறொரு பள்ளி மாணவருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் அதைக் கூட்டி எழுதினார்கள். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம்கூடப் பொய் சொல்லும் அளவுக்கு அந்தப் பட்டம் அவர்களுக்குச் சுமையாகியிருந்தது. இதை வைத்து 'உழைப்பைப் பாராட்டினால் போதும்' என்று ஒரு மந்திரத்தை உருவாக்கிக்கொள்வதும் தவறு. தவறான வழியில் கடுமையாக உழைத்துத் தோற்ற பிள்ளையிடம் 'உன் உழைப்பு அருமை' என்று சொன்னால், அந்தப் பிள்ளை அதை ஆறுதல் பரிசாகவே எடுத்துக்கொள்ளும். வழி எங்கே பிசகியது என்று உட்கார்ந்து காட்டினால்தான் அடுத்த முறை மாற்றிச் செய்யும்.

இனி மறு கட்சி. அடிபட்டால்தான் உரம் ஏறும் என்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டும் ஆய்வு கொஞ்சம் கசப்பானது. இன்றைய ஆய்வு நெறிகள் அதை எளிதில் அனுமதிக்கமாட்டா. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் 1967இல் வெளியிட்ட அந்த ஆய்வில், சில நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின் அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. வேறு சில நாய்கள் என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. பின்னர் தாண்டிக் குதித்தாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோது, முதல் வகை நாய்கள் தாண்டிவிட்டன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை முயலாமலே ஒடுங்கிக் கிடந்தன. இதற்குக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2016இல், அதே இருவரும் நரம்பியல் சான்றுகளைக் கொண்டு தம் விளக்கத்தைத் தாமே திருத்தினார்கள். நீடித்த துன்பத்தின் முன் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது கையறுநிலையன்று, தன் செயலால் நிலைமை மாறும் என்ற உணர்வே என்பது அவர்களுடைய புதிய முடிவு. தம் பெயரை நிலைநாட்டிய கொள்கையையே திருத்திக்கொண்ட அந்த நேர்மையையும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கலாம்.

வகுப்பறைக்கு இதைக் கொண்டுவந்து பார்த்தால், அடிபடுவதால் மட்டும் உரம் ஏறுவதில்லை என்பது புரியும். அடிபட்ட பின் தான் செய்த ஏதோ ஒன்று பலன் தந்தது என்று பிள்ளை கண்கூடாகக் கண்டால்தான் உரம் ஏறும். ஒவ்வொரு மாதமும் வகுப்பில் கடைசி ஐந்து இடங்களுக்குள்ளேயே வரும் மாணவன் முப்பதிலிருந்து நாற்பது மதிப்பெண்ணுக்கு முன்னேறியிருந்தாலும், மற்றவர்களும் முன்னேறியிருந்தால் அவனுடைய ரேங்க் அசையாது. அவன் முயற்சியின் பலனை அந்த ஏற்பாடே அவன் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதை அவன் போட்டிக்குப் பெறும் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் மூன்று இடங்களில் இருப்பவர்கள் இதனால் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். என் அறைக்கு வருபவர்களில் அவர்களும் கணிசமானவர்கள்.

ஒரு பள்ளியில் விடைத்தாள் வழங்கும் நேரத்தில் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் அதிக மதிப்பெண்ணில் தொடங்கி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். இருபது பேர் போனதும் மீதமிருந்தவர்களின் தலை தானாகக் குனிந்தது. கடைசியாகப் போன பையன் தாளை வாங்கி, பார்க்காமலே எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தத் தாளின் ஓரங்களில் ஆசிரியர் சிவப்பு மையில் பொறுமையாகக் குறிப்புகள் எழுதியிருந்தார் என்பதை நான் பிறகு பார்த்தேன். அத்தனையும் வீண். அவர் கொடுமைக்காரர் அல்லர். தாம் படித்த காலத்தில் தமக்கு எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே கொடுத்தார்.

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக விளக்குகிறது. ஒரு பகுதி மாணவர்களுக்குக் குறிப்புரை மட்டும், இன்னொரு பகுதிக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாம் பகுதிக்கு இரண்டும் சேர்த்துத் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் நிலைத்தன. இரண்டையும் பெற்றவர்கள், பொதுவாக, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே ஆனார்கள். எண் கண்ணில் பட்டதும் எழுத்தை யாரும் படிப்பதில்லை. ஆகவே பள்ளிகளிடம் நான் வைக்கும் முதல் வேண்டுகோள் செலவில்லாதது: முதல் நாள் குறிப்புரையோடு தாளைக் கொடுங்கள், பிழைகளில் இரண்டையாவது மாணவரே திருத்தி எழுதட்டும், மதிப்பெண்ணை மறுநாள் தனித்தனியாகத் தெரிவியுங்கள். இதைச் செய்து பார்த்த ஆசிரியர்கள், முதல் இரண்டு முறை வகுப்பில் முணுமுணுப்பு இருக்கும் என்கிறார்கள். இருக்கத்தான் செய்யும்.

தேர்வையே ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போட்டிக்குப் பெயர்போன சிங்கப்பூர், 2019 முதல் மாணவரின் வகுப்பு ரேங்கை முன்னேற்ற அறிக்கையிலிருந்து நீக்கியது. தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதும் தேசியத் தேர்வை அது கைவிடவில்லை. ஆனால் 2021 முதல் அந்தத் தேர்வின் மதிப்பெண், பிற மாணவரோடு ஒப்பிடாமல் மாணவரின் சொந்த அடைவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. கடினமான தேர்வும் வரிசைப்படுத்தாத அறிக்கையும் ஒரே அமைப்பில் இருக்க முடியும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

போட்டியை நல்ல முறையில் பழக்கும் இடம் பள்ளியிலேயே இருக்கிறது. விளையாட்டு மைதானத்தைச் சொல்கிறேன். கால்பந்து அணியில் ஆடும் பிள்ளை ஓர் ஆண்டில் பத்து முறை தோற்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எதிரணியோடு கை குலுக்குகிறது, கோல் எப்படி விழுந்தது என்று பயிற்சியாளர் பேசுகிறார், அடுத்த வாரம் மீண்டும் ஆட்டம். ஒரு தோல்வியின் எடை அங்கே குறைவு. திருத்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். படிப்பிலோ தோல்விகளைச் சிறிதாகவும் அடிக்கடியும் தராமல், ஆண்டு முழுவதும் தள்ளி வைத்து ஒரே நாளில் மொத்தமாக இறக்குகிறோம். சிறு தேர்வுகளை அடிக்கடி வைத்து, அவற்றை இறுதிக் கணக்கில் சேர்க்காமல், திருத்தி எழுத மறுவாய்ப்பும் கொடுத்தால் மைதானத்தின் தன்மை வகுப்பறைக்கும் வரும். ஏழு எட்டு வயதுக்கு முன் பிள்ளைகள் தம்மை மற்றவரோடு ஒப்பிட்டுத் தம் திறமையை எடைபோடுவது குறைவு. அந்த வயதில் பரிசும் வரிசையும் வைப்பது பெரும்பாலும் பெரியவர்களின் மகிழ்ச்சிக்காகத்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: தேர்வுக் காலத்தில் மட்டும் வரும் தலைவலி, வயிற்று வலி, விடைத்தாளை மறைத்தல், விளையாட்டிலும் தோற்கும் நிலை வந்தால் பாதியில் எழுந்துவிடுதல், புதிதாக எதையும் தொட மறுத்தல். தேர்வு முடிவை ஒட்டி 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்ற பொருளில் பிள்ளை எதைச் சொன்னாலும் அதை மிரட்டலென்று தள்ளிவிடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அதுவரை பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

நோட்டில் தாளை ஒட்டிய அந்தச் சிறுவனின் கணக்கு ஆசிரியரிடம் ஓர் உதவி கேட்டேன். வகுப்பில் இனி யாரும் அழிப்பான் பயன்படுத்த வேண்டாம், தவறை ஒரே கோட்டால் அடித்துவிட்டுக் கீழே மீண்டும் எழுதட்டும் என்று அவர் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். கரும்பலகையில் தாமும் அப்படியே செய்தார். முதல் மாதம் அவன் அடித்த கோடுகள் அடியில் இருந்த எழுத்தே தெரியாதபடி கறுப்பாக இருந்தன. மூன்றாம் மாதம் கொண்டுவந்த நோட்டில் கோடுகள் மெலிந்து, தவறான விடையைப் படிக்க முடிந்தது. வயிற்று வலி அவனை முழுவதும் விட்டுவிடவில்லை. ஆண்டுத் தேர்வின் முதல் நாள் காலையிலும் வந்ததாக அவன் தாய் சொன்னார்; அன்று அவன் வலியோடு பள்ளிக்குப் போனான்.