விக்கி: சொல் விளக்கம்

படிப்பவரே உலாவியில் திருத்திச் சேமிக்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகும். பக்கங்கள் ஒன்றோடொன்று இணைப்பால் கோக்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட தளத்துக்குத்தான் விக்கி என்று பெயர். கூகுள் டாக்ஸ் முதலிரண்டையும் செய்யும். ஆனால் அது தனித்தனி ஆவணமாகவே நிற்கும் என்பதால் அதை விக்கி என்பதில்லை.

சொல் ஹவாய் மொழியுடையது. அதில் விக்கி என்றால் விரைவு, விக்கிவிக்கி என்றால் மிக விரைவு. ஹொனலுலு விமான நிலையப் பேருந்துக்கு 'விக்கி விக்கி' என்று பெயர். அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று தொடங்கிய தளத்துக்கு அதையொட்டி 'விக்கிவிக்கிவெப்' என்று பெயரிட்டார். பிரித்தாலும் பொருள் தருவதால் நம் இலக்கணப்படி இது அடுக்குத்தொடர், இரட்டைக்கிளவி அன்று. விக்கல் எடுப்பதைச் சொல்லும் 'விக்கு' என்ற தமிழ் வினைக்கும் இதற்கும் உறவில்லை.

தமிழில் விக்கி என்ற பெயரே வேரூன்றிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. பெயரை மாற்ற வேண்டியதில்லை. பொருள் விளங்கச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கூட்டுத்தொகுப்புத் தளம்' எனலாம். அதன் செயல்களுக்கோ நல்ல தமிழ்ச் சொற்கள் புழங்குகின்றன: திருத்த 'தொகு', வரலாறு, உரையாடல், பழகிப் பார்க்க மணல்தொட்டி. இவற்றில் 'தொகு' மிகப் பொருத்தமானது. ஐங்குறுநூற்றில் ஐந்து திணைக்கு ஐந்து புலவர், ஆளுக்கு நூறு பாட்டு; தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. எழுதியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்ற இந்தப் பிரிவை, விக்கியில் கூட்டாக எழுதும் வகுப்புக் குழுவுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தொகுப்பித்தவர் ஆசிரியர்.

வகுப்பில் முதலில் இடறுவது தொகுத்தல் முரண்பாடு. ஐந்து மாணவர் ஒரே பத்தியைத் திறந்து எழுதினால், முதலில் சேமித்தவருடையது ஏறிவிடும். அடுத்தவருக்கு முரண்பாட்டுத் திரை வரும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள், மாற்றங்கள் வெவ்வேறு பகுதிகளில் இருந்தால் தானே இணைத்துக்கொள்ளும்; ஒரே வரியில் மோதினால் அதனால் முடியாது. ஆகவே ஆசிரியர் துணைத்தலைப்புகளை முன்கூட்டியே இட்டு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். பக்கத்தின் மேலுள்ள 'தொகு'வை விட்டு அவரவர் தலைப்பருகே உள்ள 'தொகு'வை அழுத்தச் சொல்ல வேண்டும். பள்ளி, கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் என்ற கற்றல் தளத்தில் உள்ள விக்கியில் ஒருவர் தொகுக்கும்போது அந்தப் பகுதி மற்றவருக்குப் பூட்டப்படும் என்பதால் அங்கே காத்திருப்புதான் சிக்கல்.

குழு முழுவதும் ஒரே கணக்கில் நுழைந்தால் வரலாற்றில் ஒரு பெயர்தான் இருக்கும். யார் என்ன எழுதினார் என்று மதிப்பிட வழியே இல்லை. அதற்காக எல்லாருக்கும் கணினி அறையிலேயே விக்கிப்பீடியா கணக்கு தொடங்கவும் இயலாது: ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (கணினி அறை முழுதும் இணையத்தில் பகிரும் எண்) நாளொன்றுக்கு ஆறு கணக்குகளுக்கு மேல் விடாது. முந்தின நாளே வீட்டிலிருந்து தொடங்கிவரச் சொல்லுங்கள். பயிற்சி எழுத்து மணல்தொட்டியில் இருக்கட்டும். கட்டுரைப் பக்கத்தில் இட்டால் நீக்கிவிடுவார்கள்.

வரலாற்றில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே தெரியும் எண்ணை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. அது எழுத்துக் கணக்கல்ல, பைட்டுக் கணக்கு. விக்கி சேமிக்கும் யூனிகோடு வடிவமான UTF-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக 15 பைட்டு. ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். இணைய முகவரி நிறைந்த மேற்கோளை ஒட்டியவருக்கும் எண் ஏறும். பிழை திருத்தியவருக்கு ஏறாது. இரண்டு பதிப்புகளைத் தெரிவுசெய்து வேறுபாட்டைத் திறந்து படித்தே மதிப்பிட வேண்டும்.