வலிப்பது ஊசியைத் தள்ளுகிற விரல்

5.5 மீட்டர் பருத்திப் புடவையை மூன்றாக மடித்தால் 6 அடி நீள விரிப்பு கிடைக்கும். இரண்டு பழம்புடவை என்றால் ஆறு மடிப்பு. மார்கழிப் பனிக்குப் போர்த்தவும் கைக்குழந்தைக்கு விரிக்கவும் போதும். அதைக் கையால் தைக்க உட்கார்ந்தால், சற்று நேரத்தில் வலியெடுப்பது ஊசிமுனை பட்ட விரல் அல்ல, ஊசியைத் தள்ளிய விரல். தையல்காரர்கள் அங்குஸ்தான் என்று சொல்லும் விரல்தொப்பி அந்த விரலுக்கானது. முனை குத்தாமலிருக்க என்று நினைத்து, துணிக்கு அடியிலிருக்கும் கையில், அதாவது அடிக்கை விரலில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதைச் சீக்கிரம் கழற்றி எறிகிறார்கள்.

ஊசிக்காதுப் பக்கம் 0.6 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். அதன் பரப்பு 0.28 சதுர மில்லிமீட்டர்தான். அரைக்கிலோ எடையளவு அழுத்தினால் அவ்வளவும் அந்தப் புள்ளி வழியாகத் தோலில் இறங்கும். அங்குஸ்தான் அதே விசையை ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பினால், அழுத்தம் ஏறத்தாழ 350-ல் ஒரு பங்காகிவிடும். அதன்மேல் உள்ள குழிகள் காது வழுக்காமல் உட்காருவதற்கு. குழி தேய்ந்ததை மாற்றிவிடுங்கள். பித்தளை துருப்பிடிக்காது, வியர்வையில் பச்சை பூக்கும். மெல்லிய தகடாக இருந்தால் ஊசி துளைத்துவிடும். கையை உதறினால் விழக்கூடாது, அதுதான் சரியான அளவு. மார்கழியில் சரியாக இருந்தது சித்திரை வெயிலில் விரல் உப்பி இறுக்கலாம்.

நடுவிரலில் மாட்டி ஊசியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். முனை அடிக்கை விரலைத் தொட்டதுமே காதுப் பக்கத்தைத் துணியோடு சாயுங்கள். அடிவிரல் கீழிருந்து துணியை மேடாக்க, மேல்கைக் கட்டைவிரல் முன்னால் அமுக்க, முனை வெளியே வரும். மறுபடி நிமிர்த்துங்கள். மூன்று நான்கு தையல் ஊசியில் ஏறிய பிறகு நூலை இழுத்தால் போதும். இந்தச் சாய்ப்பும் நிமிர்ப்பும் வெறும் விரலில் நிலைக்காது. ஒவ்வொன்றாகக் குத்தி வாங்கினால் அடிப்பக்கத் தையல் கோணும். இரண்டு மடிப்புக்கு வெறும் விரல் தாங்கும். நான்கைத் தாண்டினால் அங்குஸ்தான் வேண்டும்.

ஊசி குட்டையாக இருக்கட்டும். மெல்லிய கம்பி வளையாமல் தாங்கும் விசை, நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம்: நீளம் பாதியானால் தாங்கும் திறன் நான்கு மடங்கு. புடவைக் கரையில் நெசவு நெருக்கம். ஊசி வளைவது பெரும்பாலும் அங்கேதான். கரையைத் தவிர்த்துக் கோடு போடுங்கள்.

புடவையில் கஞ்சி மிச்சமிருக்கக்கூடாது. கஞ்சி இழைகளை ஒட்டிவிடுவதால் ஊசி நூல்களுக்கு நடுவே விலகிப் போக முடியாமல் அறுத்துக்கொண்டு போகும். கரப்பானையும் அது இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருத்தி ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஊசி சிக்கிச் சிக்கி வரும். வெயில் காய்ந்த அன்றைக்குத் துணியை உலர்த்தி உடனே தைப்பது நல்லது. திருபுவனம் பட்டுப்புடவையைப் பருத்தியோடு சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே அளவாகச் சுருங்காது, முதல் சலவையிலேயே விரிப்பு கொப்புளமாகும், ஜரிகை வேறு ஊசியைப் பிடிக்கும்.

ஒவ்வொரு தையலும் மேல்மடிப்பைக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது. ஓரத்திலிருந்து தொடங்கினால் அந்த மிச்சமெல்லாம் நடுவில் சுருக்கமாகச் சேரும். ஆகவே 10 சென்டிமீட்டருக்கு ஒரு வரி பெரிய தையலில் பிடித்து வைத்துவிட்டு, நடுவிலிருந்து வெளியே தையுங்கள். அங்குலத்துக்கு ஐந்து தையல் சீராக விழுந்தால், கோணலாக விழும் எட்டைவிட அது அழகு. நூல் 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு இழுப்பிலும் துணியில் உரசி முறுக்குப் பிரிந்து நைந்துபோகும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது.

நூல் தொடங்கும் முடிச்சை அடிப்பக்கம் விட்டால் துவைக்கிற கல்லில் உரசி அறுந்துவிடும். தைக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, மேல்மடிப்பில் மட்டும் ஊசியை நுழைத்து, தைக்கும் இடத்தில் வெளியே எடுத்து, நூலைச் சட்டென்று இழுங்கள். மெல்லிய சத்தத்தோடு முடிச்சு உள்ளே போய் மடிப்புகளுக்கு நடுவே தங்கிவிடும்.