கோபாலபுரம் தாண்டினால் வெள்ளம்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போன மக, முதல் மாசம் பூரா போட்டோவா அனுப்பிச்சா. நாலாம் மாசம், ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்குன்னு போன்ல அழுகறா. மூளையில என்னங்க நடக்குது? சொந்தக்காரர் ஒருத்தர் ஏழரைச் சனிங்கறார்."

சனியை விடுங்கம்மா. அது பூமிக்கு மிக நெருங்கி வரும்போதே சுமார் 120 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. பரிகாரத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் மகளுக்குக் குளிர் தாங்கும் ஷூ வாங்கிக் கொடுக்கலாம்.

இந்தத் தவிப்புக்குப் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்று பெயர். 1960-ல் கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தச் சொல் பரவியது. முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்று அப்போது படம் வரைந்தார்கள். எல்லோருக்கும் அந்த வரிசையில் நடப்பதில்லை, முதல் நாளிலிருந்தே தவிப்பவர்களும் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்குப் பிடித்த விஷயம் இதுவல்ல. அது ஒரு கண்ணாடியில் இருக்கிறது.

பள்ளியில் பார்த்த முப்பட்டகம் நினைவிருக்கிறதா? அதையே மூக்குக்கண்ணாடியாக மாட்டினால் உலகம் முழுக்க வலப்பக்கம் நகர்ந்து தெரியும். சுவரில் ஒரு புள்ளி வைத்துப் பந்தை எறியுங்கள். பந்து புள்ளிக்கு வலப்பக்கம் விழும். மறுபடி எறிந்தால் மறுபடி தப்பும், ஆனால் கொஞ்சம் குறைவாக. இருபது முப்பது எறிதலில் குறி விழுந்துவிடும். கைக்குக் கட்டளை போகும்போதே 'பந்து இங்கேதான் விழும்' என்று மூளை ஒரு கணிப்புப் போட்டு வைக்கிறது. கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, சிறுமூளை கட்டளையைத் திருத்திக்கொண்டே வருகிறது.

இப்போது கண்ணாடியைக் கழற்றுங்கள். பார்வை பழையபடி நேராகிவிட்டது. ஆனால் எறிந்த பந்து இடப்பக்கம் போய் விழும்! முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தேன்.

இதில் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார் ரிச்சர்ட் ஹெல்ட் என்ற உளவியலாளர். 1960-களின் தொடக்கத்தில், இப்படிக் கண்ணாடி மாட்டிய சிலரை நடக்கவிட்டார். சிலரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அதே வழியில் தள்ளிக்கொண்டு போகச் செய்தார். இரு தரப்பும் பார்த்தது ஒரே காட்சி. நடந்தவர்கள் பழகிவிட்டார்கள், உட்கார்ந்து போனவர்கள் பழகவில்லை. தானே அசைந்தால்தானே கணிப்பும் பிழையும் பிறக்கும்! செலவு என்ன? ஒரு கண்ணாடியும் ஒரு நாற்காலியும். ஆய்வு நிதி என்றதும் கோடி ரூபாய்க் கருவி வாங்கிப் பூட்டி வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

பந்து எறிவது வேறு, ஊர் பழகுவது வேறு. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஒப்புமைதான், நிரூபணம் இல்லை. ஆனாலும் அறைக்குள் உட்கார்ந்து ராத்திரி பூரா உங்களோடு வீடியோ காலில் பேசும் மகள், அந்தச் சக்கர நாற்காலியில்தான் போய்க்கொண்டிருக்கிறாள். தப்பு ஜெர்மன் பேசி, தப்பு பஸ் ஏறி, நாலு பேர் முன்னால் அசடு வழியட்டும்.

"அப்ப நம்ம ஊரை மறந்துருவாளா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் கண்ணாடியே பதில் சொல்கிறது. மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பலமுறை பழக்கினால், மூளை ஒன்றை அழித்து மற்றதை எழுதுவதில்லை. இரண்டையும் வைத்துக்கொள்கிறது. மாறுவதற்கு ஆகும் எறிதல்களும் குறைந்துகொண்டே வருகின்றன. இது உங்களுக்குப் புதிதா என்ன? கொழிஞ்சாம்பாறைக் கடையில் மலையாளத்தில் 'வெள்ளம்' கேட்டுச் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாகக் குடிப்பீர்கள். பொள்ளாச்சி பஸ் எல்லையிலிருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அதே வாய் 'தண்ணி' என்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் போய் 'வெள்ளம்' என்றால் அணை உடைந்ததா என்று கேட்பார்கள். மகளும் இதே பஸ்ஸில் வளர்ந்தவள்தான்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். லீவுக்கு வந்த முதல் வாரம் பஸ் ஹாரனுக்குக் காதைப் பொத்துவாள், ஞாயிற்றுக்கிழமை இத்தனை இரைச்சல் எதற்கு என்பாள். 'போய் ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள திமிரு' என்று சொல்லிவிடாதீர்கள். பந்து இடப்பக்கம் விழுகிறது, அவ்வளவுதான்.