எலுமிச்சையில் சொறி: பங்கசா, பற்றீரியாவா?

மாரி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், ஆரையம்பதியில் மாமி வீட்டுக் கிணற்றடி எலுமிச்சையின் கீழ் நின்றோம். பிஞ்சு ஒன்றைப் பறித்து என் கையில் வைத்தார் மாமி. தோல் முழுவதும் பரு. நகத்தால் சுரண்டியபோது தக்கைத் தூள்போல உதிர்ந்தது. "சொறி பிடித்துவிட்டது, மருந்து அடிக்கத்தான் வேண்டும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் தேசியானாலும் தோடையானாலும், தோலில் எது முளைத்தாலும் பெயர் சொறிதான். அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று பங்கசால் வரும் பொருக்கு நோய். மற்றது பற்றீரியாவால் வரும் கான்கர். பங்கசுக்கென்றே செய்த மருந்துகள் பல பற்றீரியாவை ஒன்றும் செய்யா. ஆளைத் தெரியாமல் அடித்தால் காசும் போகும், நோயும் நிற்கும்.

பொருக்கு நோயை உண்டாக்கும் பங்கசின் பெயர் எல்சினோயி ஃபோசெட்டி. பிட்டன்கோர்ட், ஜென்கின்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1936இல் இதற்கு இந்தப் பெயரை இட்டார்கள். பழைய பொருக்குகளிலேயே இது தங்கியிருக்கும். மழைத்துளி பட்டுத் தெறிக்கும்போது வித்திகள் பக்கத்துத் தளிருக்குத் தாவும். அங்கே சில மணி நேரம் ஈரம் காயாமல் இருந்தால் போதும். மாரியில் அதற்கு என்ன குறை?

ஆனால் இந்தப் பங்கசால் இளசை மட்டுமே தொட முடியும். விரிந்து முற்றிய இலைக்குள் அது நுழைவதில்லை. காய்க்கும் அப்படியே: பூவிதழ் உதிர்ந்து ஆறு முதல் எட்டு வாரம் வரைதான் ஆபத்து. காய் பெருத்தபின் மருந்து அடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உள்ளே நடப்பது வியப்பானது. பங்கசு எல்சினோகுரோம் என்ற செந்நிற நச்சைச் சுரக்கிறது. இருட்டில் அது அநேகமாகச் சாதுவாகவே இருக்கும். வெளிச்சம் பட்டதும் ஒட்சிசனைத் தீவிரமான வடிவங்களுக்கு மாற்றி, அவற்றைக் கொண்டு கலமென்சவ்வுகளைச் சிதைக்கிறது. கலங்கள் சாக, சுற்றியுள்ள உயிருள்ள கலங்கள் வேகமாகப் பெருகித் தக்கைச் சுவர் எழுப்புகின்றன. நாம் சொறி என்று சுரண்டுவதில் பெரும்பங்கு மரம் தன்னைக் காக்கக் கட்டிய அந்த மதில்தான். எழுந்த பொருக்கை எந்த மருந்தாலும் இறக்க முடியாது. காயின் உள்ளே சாறு கெடுவதில்லை. சந்தையில் விலைதான் விழும்.

இனி அடையாளம். காயை விட இலைதான் நல்ல சாட்சி. பொருக்கு நோயானால் ஒரு பக்கம் கூம்புபோல எழுந்திருக்கும். திருப்பினால் அதே இடம் குழிந்திருக்கும். இலையும் சுருங்கிக் கோணும். கான்கரில் ஒரே புள்ளி இரண்டு பக்கமும் தடித்திருக்கும். நடுவில் எரிமலை வாய்போலப் பள்ளம், விளிம்பில் எண்ணெய் பட்டதுபோன்ற கசிவு. வெயிலுக்கு எதிரே பிடித்தால் சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரியும். தோல் கபில நிறமாகி, பரு எதுவும் எழாமல் இருந்தால் பெரும்பாலும் சிற்றுண்ணியின் வேலை.

மரத்தின் இனமும் துப்புச் சொல்லும். எலுமிச்சையும், ஒட்டுக்கட்டையாக வளர்க்கும் கரட்டு எலுமிச்சையும் பொருக்குக்கு எளிதில் இரையாகும். நம் சிறு தேசி பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடும்; கான்கரிடம்தான் அது தோற்கும்.

ஐயம் தீராவிட்டால் ஆய்வுகூடம்தான் வழி. இந்தப் பங்கசு வளர்ப்பூடகத்தில் மிக மெதுவாக வளரும் என்பதால் இப்போது மரபணுச் சோதனையே விரைவானது.

மாமியின் எலுமிச்சை இலையைத் திருப்பினோம். மேலே குழி, கீழே கூம்பு. பங்கசுதான். நோயுற்ற கொப்புகளை வெட்டி எரித்தோம். குழாய்நீரை இலைமேல் பீய்ச்சாமல் அடியில் விடச் சொன்னேன். செம்பு மருந்தை அடுத்த தளிர் எட்டிப் பார்க்கும்போதும், பூவிதழ் உதிர்ந்ததும் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

அதற்குள் மாமி வேலியோரத் தேசியில் ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்திருந்தார். புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் வளையம். "இது மற்றது" என்றார்.